திராட்சைக் கொட்டையும் முன் இடது தண்டும்

“அது கண்ணுக்கு வுடுற சொட்டு மருந்து, இருந்த எடத்துல வை—”

“சொட்டு மருந்து கடகடன்னு உருளுமாய்யா? உள்ள பாத்தா—”

“ஒறஞ்சி பூட்டிருக்கும். நீ எதுக்கு என் ஹெல்மெட்ட தொட்ட, அத்த சொல்லு மொதல்ல—”

“ஒட்டட அடிச்சேன்யா! முப்பத்தாறு வருசம் நீ தலையில மாட்டினு போனப்ப இதுக்குள்ள ஒண்ணுமே இருந்ததில்ல. இன்னிக்கு இன்னாடா புதுசா உருளுதேன்னு எட்டிப் பாத்தா—”

எல்சி ஸ்டூலின் மேல் நின்றிருந்தாள். ஒரு கையில் ஒட்டடைக் குச்சி, மறு கையில் மஞ்சள் ஹெல்மெட். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன நாளிலிருந்து அந்த ஹெல்மெட் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கியது. அதற்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரு துடைப்பு உண்டு. கீழே நின்ற அருள்நாதன் கையை நீட்டி நீட்டி எம்பிப் பார்த்தார். எட்டவில்லை. அறுபத்தெட்டு வயதில், வீங்கின காலோடு, பெண்டாட்டி ஸ்டூலில் நிற்கும்போது எம்புகிற ஆண்பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை மிஞ்சுமோ அவ்வளவுதான் அவருக்கும் மிஞ்சியிருந்தது.

புட்டியின் மேல் ஊதாத் திராட்சைக் கொத்து ஒன்று தலைக்குக் குளித்த பெண் மாதிரி நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எல்சி எழுத்துக் கூட்டினாள்.

“கிரேப்... சீட்... எக்ஸ்ட்ராக்ட். திராட்சைக் கொட்டையா?”

“கொட்டை இல்ல. கொட்டையோட சத்து.”

“கிறிஸ்மஸ் ஒயினுக்கு வருசா வருசம் அஞ்சு கிலோ கறுப்பு திராட்சய கசக்கி, கொட்டைய வடிகட்டி குப்பையில போடுறேன். ஒண்ணே ஒண்ணு கிளாசுல மெதந்தா ‘கலீஜா கீது’ன்னு துப்புவ. இப்ப அதுக்கே சொக்கா மாட்டி குடுத்தா முழுங்குறியா?”

“இது ஃபிரான்சு திராட்ச.”

“ஃபிரான்சுக்கு நீ எப்ப போன? ஜூடி குடுத்தாளா?”

அருள்நாதன் மின்விசிறியைப் பார்த்தார்.

ஜூடி அவருடைய தங்கை. திருவொற்றியூரில் இருக்கிறாள். கெட்டவள் இல்லை; எதையாவது விற்காமல் இருக்க முடியாத ஜென்மம், அவ்வளவுதான். முந்தின வருஷம் காந்த வளையல், போன வருஷம் கற்றாழைச் சாறு, இந்த வருஷம் இது. எதை விற்றாலும் முதல் போணி அண்ணன்தான். அண்ணனும் தங்கச்சி பேச்சைக் கேட்டால் தலையாட்டுவார், டாக்டர் பேச்சைக் கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பார்.

நேற்று டாக்டர் கேட்டது எல்சிக்கு ஞாபகம் வந்தது. ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அருள்நாதனின் நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பியது. அன்று முதல் ரத்தத்தை இளக்குகிற மாத்திரை, மாசா மாசம் ரத்தப் பரிசோதனை. நேற்றுதான் டாக்டர் நீலா ரிப்போர்ட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். “ரத்தம் ரொம்ப இளகியிருக்கே. போன மாசம் சரியா இருந்துச்சு. புதுசா மாத்திரை, லேகியம், பவுடர் ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்றாள். “ஒண்ணுமே இல்ல டாக்டர். இவ போடுற சோறுதான்” என்று எல்சியைக் கை காட்டினார் அருள்நாதன். எல்சியும் அப்படியே கூனிக் குறுகி, பூண்டைக் கூட்டிப் போட்டோமோ, மீன் கெட்டுப்போனதோ என்று பஸ்ஸில் வீடு வரும்வரை தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வாரமாகவே பல் தேய்க்கும்போது தொட்டி சிவந்துகொண்டிருந்தது. கேட்டால் பிரஷ் கெட்டி என்பார்.

“நேத்து டாக்டராண்ட ஒண்ணுமே துன்னலன்ன.”

“இது துன்றது இல்ல. முழுங்குறது.”

எல்சி புட்டியை மீன் வாங்குகிற பைக்குள் போட்டாள், செருப்பை மாட்டினாள், கிளினிக்குக்குப் போய்விட்டாள்.

டாக்டர் நீலா புட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். “இது விஷம் இல்லம்மா. கால் வீக்கத்துக்குக் கொஞ்சம் உதவலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. ஆனா ரத்தம் இளக்குற மாத்திரை சாப்பிடுறவங்க இதையும் சேர்த்துக்கிட்டா, எங்கயாவது கசிய ஆரம்பிச்சா நிக்காம போகலாம். வயித்துல, தலையில, எங்க வேணும்னாலும். உடனே நிறுத்தணும். கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைங்க, காலைத் தூக்கி வைக்கச் சொல்லுங்க. முட்டி வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற ஸ்டாக்கிங்ஸ் எழுதித் தர்றேன்.”

எல்சி பஸ் ஏறி வண்ணாரப்பேட்டை போய் அந்த ஸ்டாக்கிங்ஸை வாங்கி வந்தாள். தோல் நிறத்தில், நீளமாக, பளபளவென்று இருந்தது. அருள்நாதன் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

“இத்த மாட்டினு நான் தண்டுக்கு கீழ போய் நின்னா, சப்பரத்துல கீற ராயப்பரே எறங்கி ஓடிப்பூடுவாரு.”

விஷயம் அங்கேதான் இருந்தது. ஜூன் கடைசியில் கோயில் திருவிழா. கோயிலின் புனிதரான ராயப்பரின் சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்து எட்டுப் பேர் தோளில் தூக்கி வருவார்கள். அதில் முன் இடது தண்டு அருள்நாதனுடையது. அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவுடையது. வயசுக்கு வரம்பு கிடையாது; ஒரே ஒரு விதி உண்டு. திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு மணல் மூட்டை ஏற்றி ஒத்திகை தூக்குவார்கள். கோயிலிலிருந்து மீன்பிடித் துறைமுகத் திருப்பம் வரை போய்த் திரும்ப வேண்டும். வழியில் எவன் தோளை உருவுகிறானோ அவன் இடம் அன்றோடு போச்சு. பக்கத்தில் துண்டோடு நடந்து வருகிறவன் நுழைந்துவிடுவான்.

முன் இடது தண்டுக்குப் பக்கத்தில் மூன்று வருஷமாகத் துண்டோடு நடப்பவன் பெனிட்டோ. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஹார்ட்வேர் கடை வைத்தவன், நாற்பத்திரண்டு வயது, ஜிம்முக்குப் போகிற தோள். இருபது வருஷமாக இதே தெருவில் இருந்தாலும் ராயபுரத்துக்கு அவன் இன்னும் அண்ணாச்சிதான்.

“கிரேன்ல நின்னு நின்னு நரம்பு சுருட்டிகிச்சு. சாயங்காலமானா காலு வீங்கி அம்மிக்கல்லு மாதிரி கீது. இந்த மாத்திர போட்டதுலேர்ந்து கொஞ்சம் எறங்குது எல்சி, மெய்யாலுமே. ரெண்டே மாசம். திருவிழா முடியட்டும். அப்பால நீ இன்னா சொன்னாலும் கேக்குறேன்.”

“அப்பால கேக்க நீ இருக்கணுமே.”

“உதார் வுடாத.”

“பல்லு தேச்சா ரத்தமா கொட்டுது, நான் உதார் வுடுறனா? சாவியோ அண்ணனுக்கும் இதே மாத்திர, இதே டாக்டரு. அவரு ஒயுங்கா இல்ல?”

“அவன் பின்னாடி வலது தண்டு. பின்னாடி இன்னா கீது, சும்மா கைய வெச்சினு வரலாம்.”

புட்டி மறுபடி ஹெல்மெட்டுக்குள் போய் உட்கார்ந்தது. இப்போது ஒளிவு மறைவுகூட இல்லை. கோயில் நற்கருணைப் பேழை மாதிரி பகிரங்கமாக இருந்தது. தூக்கி எறிந்தால் ஜூடி வேறு கொண்டுவருவாள். எல்சிக்கு அது தெரியும்.

புதன்கிழமைதோறும் எல்சி கான்வென்டுக்குப் போவாள். பூசைக்கு வேண்டிய அப்பத்தை அங்கே சிஸ்டர்கள் செய்கிறார்கள். மைதாவைக் கரைத்து, இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில் ஊற்றிச் சுட்டு, ஈரத்துணியில் பதப்படுத்தி, வட்ட வட்டமாக வெட்டுவார்கள். வெட்டினதுபோக மிஞ்சும் ஓரத்துண்டுகளை உதவிக்கு வருகிறவர்கள் பிஸ்கட் டப்பாவில் அள்ளிக்கொண்டு போவார்கள். மந்திரிக்காத வெறும் மாவுதான். டீயில் நனைத்துத் தின்றால் ஒரு ருசியும் இருக்காது, ஒரு கெடுதலும் இருக்காது. அந்தப் புதன்கிழமை டப்பாவைக் கையில் வாங்கியபோது எல்சிக்குக் கெடுதல் இல்லை என்கிற அந்த இடம் மட்டும் மூளையில் பளிச்சென்று எரிந்தது.

மத்தியானம் அருள்நாதன் தெருமுனை கேரம் கிளப்புக்குப் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். அப்பத்துண்டை மிக்சியில் அரைத்து, சலித்து எடுத்தாள். மாத்திரைக் கூடு நல்லவேளையாக ஒயின் நிறம், உள்ளே இருப்பது தெரியாது. ஒவ்வொன்றாகத் திருகித் திறந்து, உள்ளிருந்த செம்மண் பொடியைக் கறிவேப்பிலைத் தொட்டியில் தட்டினாள். தீக்குச்சி முனையால் அப்பத்தூளைத் திணித்து மூடினாள். ஐம்பத்திரண்டு கூடு. இடுப்பு ஒடிந்தது. கறிவேப்பிலைச் செடிக்கு எதுவும் ஆகவில்லை. ஃபிரான்சுத் திராட்சை தின்றும் அது தழைக்கவுமில்லை, சாகவுமில்லை.

நாள்தோறும் காலையில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறு மணிப் பூசைக்குக் கிளம்புமுன் ஐந்தே முக்காலுக்கே விழுங்கிவிடுவார்.

இரண்டு வாரத்தில், பல் தேய்க்கும்போது தொட்டி சிவப்பது நின்றது. அடுத்த மாசப் பரிசோதனையில் டாக்டர் நீலா, “அருமை, இப்படியே இருங்க” என்றாள். எல்சிக்குக் கண் தளும்பிவிட்டது. அருள்நாதன் டாக்டரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், பாவம் இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும் என்பது எழுதி ஒட்டியிருந்தது.

வேடிக்கை, கால் வீக்கமும் இறங்கியது. எல்சி கருவாட்டை மூன்று தண்ணீரில் ஊறவைத்தாள், ஊறுகாயை நிறுத்தினாள். அது போக, ஜூடி புட்டியோடு கொடுத்திருந்த நோட்டீசில், மாத்திரை போட்ட பிறகு காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் காலை உயரே தூக்கி வைக்கவும் என்று போட்டிருந்தது. டாக்டர் சும்மா சொன்னபோது காதில் விழாதது, பளபளத் தாளில் அச்சடித்து வந்தபோது வேதமாகிவிட்டது. தையல் மிஷின்மேல் இரண்டு காலையும் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார் மனுஷன்.

“பாத்தியா? கணுக்கால் எலும்பு தெரியுது. மூணு வருசமா நான் பாக்காத எலும்பு. இன்னா இருந்தாலும் ஃபிரான்சு ஃபிரான்சுதான்.”

“ஆமாய்யா. ஃபிரான்சுதான்.”

திருவிழா போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எல்சி நினைத்தாள்.

ஒத்திகை நாள் வந்தது. சாயங்காலம் கடல் காத்தே இல்லை. எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்தன. மணல் மூட்டை ஏற்றின சப்பரத்தை எட்டுப் பேர் தூக்கினார்கள். பெண்கள் ஓரமாகக் கூடவே நடந்தார்கள். எல்சியின் கண் அருள்நாதனின் கணுக்காலைவிட்டு நகரவில்லை. ஜூடியும் வந்திருந்தாள், தோளில் பெரிய பை.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது திருப்பத்தில் அருள்நாதனின் இடது முட்டி ஒரு தரம் நடுங்கியது. பெனிட்டோ துண்டை இறக்கித் தோளில் மடித்தான்.

“அண்ணே, நான் பிடிச்சிக்கிடட்டா? ஒண்ணும் நெனைக்காதீய.”

“அண்ணாச்சி, நீ கடைக்குப் போய் ஆணி எட போடு.”

பின்னால் வலது தண்டிலிருந்து சாவியோவின் குரல் வந்தது. பேசின் பிரிட்ஜ் யார்டில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர்; ரயிலை அனுப்புகிற குரல். “மாமு, வுட்றாத! உன் அப்பன் பாத்துகினு கீறாரு!”

“எங்கப்பன் பாக்குறதுக்காடா தூக்குறேன், இந்த அண்ணாச்சி பாக்கணும்னு தூக்குறேன்!”

கோயில் வாசலில் சப்பரம் இறங்கியபோது அருள்நாதனின் தோள் தண்டின் கீழேயே இருந்தது. எல்சி மூச்சை விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், டீ கிளாசைக் கையில் பிடித்தபடி அருள்நாதன் கூட்டத்துக்கு நடுவில் வேட்டியை முட்டிக்கு மேலே தூக்கிக் காலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“எல்லாம் இந்த திராட்சக் கொட்டதாம்பா! என் தங்கச்சி குடுத்தது. ஏழு வாரம். தொட்டுப் பாரு, இரும்பு மாதிரி கீதா இல்லியா?”

ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். ஜூடியின் பை திறந்துகொண்டது. “அண்ணனையே பாருங்க, நான் வேற இன்னா சொல்றது” என்று புட்டிகளை எடுத்துப் பெஞ்சில் அடுக்கினாள். ஒரு புதுப் புட்டியை அண்ணனின் சட்டைப் பாக்கெட்டில் செருகினாள். இன்னொன்று சாவியோவின் கைக்குப் போனது. சாவியோவின் காலும் வீங்கித்தான் இருந்தது.

“ஒண்ணா, ரெண்டா மாமு?”

“மொத நாளு ரெண்டு போடு. சூட்டோட சூடா பாய்ஞ்சி வேல செய்யும்.”

சாவியோ மூடியைத் திருகி இரண்டை உள்ளங்கையில் கொட்டினார். அசல் மாத்திரை. சாவியோவோ ரத்தத்தை இளக்குகிற மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிற மனுஷன். டீ கிளாஸ் வாய்க்குப் போனது.

“அண்ணே, துன்னாதீங்க!”

எல்சி கத்தின கத்தலில் கோயில் புறா பறந்தது. ஓடிப்போய் சாவியோவின் கையைத் தட்டிவிட்டாள். மாத்திரை இரண்டும் மணலில் உருண்டன.

“இன்னாம்மா எல்சி?”

“அது நம்ம மாத்திரையோட ஆகாதுண்ணே. ரத்தம் நிக்காம பூடும். டாக்டரே சொன்னாங்க.”

“அருளுக்கு ஒண்ணும் ஆவலியே?”

“அவரு துன்னா தான ஆகும்!”

“இன்னா சொல்ற?” என்றார் அருள்நாதன். “தெனம் உன் கண்ணு முன்னாடிதான போடுறேன்?”

“நீ போட்டது அப்பத்தூளுய்யா. கான்வென்ட்ல வெட்டுற அப்பம் இல்ல, அதோட ஓரத்துண்டு. மிக்சில அரைச்சி நான்தான் அடைச்சேன். ஏழு வாரமா நீ துன்னது வெறும் மைதா.”

முதலில் சிரித்தது சாவியோ. அப்புறம் தொற்றிக்கொண்டது. பெனிட்டோ மட்டும் சிலுவை போட்டுக்கொண்டான்.

“அண்ணி, என் பேர கெடுக்கணும்னே—”

“ஜூடி, உன் பேரு அப்பால. நீயும் கேளு. யாருக்கு குடுத்தாலும் இன்னா மாத்திர துன்றீங்கன்னு மொதல்ல கேட்டுக் குடு.”

ஜூடி பெஞ்சில் இருந்த புட்டிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப வைத்தாள். அருள்நாதன் வேட்டியை இறக்கிவிட்டார். முகம் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

“ஏழு ஞாயித்துக்கெழம” என்றார் மெதுவாக. “பூசைக்கு கால் மணி நேரம் முன்னாடி முழுங்கியிருக்கேன்.”

“அதுக்கு இன்னா?”

“இன்னாவா? பூசையில அப்பம், அதான் நன்ம, வாங்க ஒரு மணி நேரம் முன்னாடி ஒண்ணும் துன்னக்கூடாது. மருந்துன்னா பரவால்ல. மைதா மருந்தாடி? ஏழு தபா துன்னுட்டு நன்ம வாங்கியிருக்கேன்! அதுவும் அப்பம் வாங்குறதுக்கு முன்னாடி அப்பத்தயே துன்னுட்டு! இந்த பாவத்த ஃபாதராண்ட யாரு சொல்றது, நீயா நானா?”

“வயசானவங்களுக்கு அந்த நோன்பு கெடையாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க. உனக்கு பாவம் இல்ல.”

“யாருக்கு வயசாச்சு?”

“பாவமா, வயசா? ஏதாவது ஒண்ண எடுத்துக்கய்யா.”

இந்த முறை ஜூடியே சிரித்துவிட்டாள். அருள்நாதன் சிரிக்கவில்லை. பெனிட்டோ கிட்டே வந்தான்.

“அண்ணே, நானே சொல்லுதேன். மருந்து இல்லாமலே தூக்கிட்டீய. தண்டு ஒங்களுக்குத்தான்.”

அதைக் கேட்டதும் அருள்நாதனின் நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்தில் புதுசாக ஒரு யோசனையும் வந்துவிட்டது என்பதை எல்சி கண்டுகொண்டாள். நாற்பத்தொரு வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கிறவள்.

“அப்ப பாரு” என்றார். “வெறும் மைதாவுக்கே இந்த தூக்கு தூக்குனேன்னா, அசல் கொட்டய போட்டிருந்தா எப்பிடி தூக்கியிருப்பேன்! திருவிழாக்கு இன்னும் ஆறு நாளு கீது. சாவியோக்கு ஆவலன்னா எனக்கும் ஆவக்கூடாதுன்னு சட்டமா?”

“மாமு, வேணாம்பா” என்றார் சாவியோ.

அருள்நாதனின் கை சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. புட்டியை வெளியே எடுக்கவில்லை. மேலே பொத்திக்கொண்டு நின்றார், யாரோ பிடுங்க வருகிற மாதிரி.

எல்சி பிடுங்கப் போகவில்லை. கிட்டே வந்து, வியர்வையில் சரிந்திருந்த அவர் காலரை நேராக்கினாள். தண்டு அழுத்தின இடம் தோளில் சிவந்து கிடந்தது. அதை ஒரு தரம் விரலால் தொட்டாள். அப்புறம் உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நீட்டினாள்.

“குடு.”

“ஆறே நாளு எல்சி.”

“நான் சொல்றத கேளு. நான் செத்தா என் பொட்டிக்கி முன்னாடி எடது பக்கம் நீதான் தோளு குடுக்கணும்னு இத்தினி வருசமா நெனச்சினு கீறேன். நீ எனக்கு முன்னாடி பூட்டன்னா, அந்த எடத்த அண்ணாச்சிக்கா குடுக்கச் சொல்ற?”